நேரில் ஆஜர்படுத்துக

என் மனைவி இறந்த பதினேழாம் நாள், அவளை நேரில் ஆஜர்படுத்தச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது.

அவள் பள்ளி ஆசிரியை. தேர்தல் பணிக்குப் போனவள், பொய்க் கணக்கு எழுதிய வாக்கு எண்ணிக்கைத் தாளில் கையெழுத்துப் போட மறுத்தாள். தடுப்புக்காவலில் வைத்தார்கள். நான் ஆட்கொணர்வு மனு போட்டேன். ஏழு மாதத்தில் பதினோரு வாய்தா. இந்த நீதிபதி எந்த மனுவையும் தள்ளுபடி செய்ததில்லை, அவ்வளவு நல்லவர். ஒருமுறை அரசு வக்கீலுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒருமுறை நீதிபதியே அமைச்சர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

சிறையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. உடலை ஆஸ்பத்திரியில் வாங்கினேன். சாவதற்கு முந்தின நாளே விடுதலை செய்துவிட்டோம் என்று சிறையில் வாயால் சொன்னார்கள். எழுதித் தரவில்லை. காவலில் செத்தாள் என்று ஒரு வரி எழுத்தில் வாங்க வேண்டும். எனக்கு வேறு வேலை மிச்சமில்லை.

உத்தரவு போட்ட அன்று வெளிநாட்டு நீதிபதிகள் சிலர் பார்வையாளராக வந்திருந்தார்கள். நம்மவருக்குத் திடீரென்று முதுகெலும்பு முளைத்தது. அவள் இறந்த செய்தியைச் சொல்லி நாங்கள் தாக்கல் செய்த தாள் வழக்குக் கட்டுக்குள்ளேயே கிடந்தது, யாரும் பிரிக்கவில்லை. என் வக்கீலான அவளுடைய அண்ணன் எழுந்தார்.

"ஐயா, அவங்க..."

"உங்களுக்குச் சாதகமாத்தான் போடறேன். உட்காருங்க."

மதியம் பெஞ்ச் கிளார்க் வராந்தாவில் எங்களைத் துரத்திப் பிடித்தார்.

"சார், மனுவை வாபஸ் வாங்கறேன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்துடுங்க. ஐயா இப்பத்தான் அந்தத் தாளைப் பார்த்தாரு, சங்கடமாப் போச்சு."

"எனக்கும் கொஞ்சம் சங்கடம்தாங்க."

அவர் போனதும் மச்சான் கேட்டார், "மாப்ள, இது தப்பான ஆர்டர். இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"தப்புதான் மச்சான். ஆனா சீல் வச்ச தப்பு."

நேராகச் சிறைக்குப் போனோம். கண்காணிப்பாளர் உத்தரவை இரண்டு முறை படித்தார்.

"என்ன சார், விளையாடறீங்களா?"

"நான் இல்ல. கோர்ட்டு. வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குக் கூட்டிட்டு வரணுமாம். முடியாதுன்னா ஏன்னு எழுதிக் கொடுங்க."

"அவங்களைத்தான் ரிலீஸ் பண்ணிட்டோமே."

"அப்ப விடுதலைப் பதிவேட்டுல அவ கையெழுத்து இருக்கும். அதைக் காட்டுங்க, நாங்க போயிடறோம்."

போனை எடுத்தார். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் திரும்ப வைத்தார்.

நான் எதிரே உட்கார்ந்தேன். பதினோரு வாய்தா உட்கார்ந்து பழகியவன். அவளுடைய கையெழுத்துக்காக இவர்கள் தவிப்பது இது இரண்டாம் முறை.