காற்றுக்கு ஹால்ட் சொல்ல ஆளில்லை

நிமிர்ந்து நிற்கத் தெரியாதவனுக்கு எந்தப் பாடமும் ஏறாது என்பது என் கட்சி. இதை எங்கள் தென்காசி ஹைஸ்கூலில் வெளியே சொல்ல முடியாது. ஹெட்மாஸ்டருக்கே இடது தோள் சரிவு. தமிழ்ப் பண்டிதர் வல்லிநாயகம் கீழே எதையோ தொலைத்தவர் மாதிரி குனிந்தே நடப்பார். ஜெர்மன் சண்டைக்குப் பஸ்ரா வரை போய் வந்த ஹவில்தார் கடற்கரையாகிய நான் ஒருத்தன்தான் அங்கே நேராக நின்றேன். என்னை எல்லாரும் டிரில் மாஸ்டர் என்பார்களே தவிர, வாத்தியார் என்று ஒரு வாயும் சொன்னதில்லை. வாத்தியார் என்றால் உட்கார்ந்திருக்க வேண்டும் போலிருக்கிறது. எனக்கு அங்கே ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

அந்த வருஷம் ஆனி பிறந்ததும் கல்வி இலாகாவிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஒரு பாடத்தைப் படிப்பது இன்னொரு பாடத்தைப் படிக்க எப்படி உதவுகிறது என்று ஒவ்வொரு பள்ளிக்கூடமும் ஆராய்ச்சி செய்து காட்ட வேண்டுமாம். இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பாராம். எதோடும் ஒட்டாமல் தனியாக நிற்கிற பாடத்துக்குத் தனி ஆள் தேவையா என்பதையும் அவரே முடிவு செய்வாராம். கடைசி வரியை வாசித்துவிட்டு ஹெட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவர் பார்த்ததும் மற்றவர்களும் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் எல்லாரும் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். கணக்கு டிராயிங்கோடு சேர்ந்தது. பண்டிதர் சரித்திரத்தைப் பிடித்துக்கொண்டார். கல்யாணப் பந்தியில் தெரிந்தவன் பக்கமாகப் பார்த்து எல்லாரும் உட்கார்ந்துவிட, இலையும் கையுமாக நிற்கிறவன் நிலைமை எனக்கு. வீட்டில் வந்து உலகம்மாளிடம் சொன்னேன்.

"வேலை போச்சுன்னா என்ன செய்யப் போறிய? வீட்டுக் கோழிய எல்லாம் லெஃப்ட் ரைட்டுன்னு நடத்துவியளோ?" என்றாள் என் மனைவி. அவளுக்கும் பயம்தான். பயம் வந்தால் அவளுக்குக் கேலி வரும். எனக்குக் கோபம் வரும். அன்று இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் என்னைத் தேடி மைதானத்துக்கு வந்தவர் ஆவுடைநாயகம். சென்னைக்குப் போய் எல்.டி. என்கிற வாத்தியார் படிப்பை முடித்துவிட்டுப் புதிதாக வந்திருந்த ஜாக்ரபி வாத்தியார். முதுகில் ஒரு கூனல். சட்டைப் பையில் எப்போதும் சாக்குக்கட்டி. வாயில் எப்போதும் ஆராய்ச்சி.

"அண்ணாச்சி, உங்க டிரில்லையும் என் ஜாக்ரபியையும் சேத்துருவோம். பருவக்காத்த பையன்கள வச்சே நடத்திக் காட்டிருவோம்" என்றார்.

"காத்து எங்கயாவது லைன்ல போவுமாவே?" என்று கேட்டேன்.

"நீங்க நடத்துனா போவும்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் கூனலை மன்னித்தேன்.

ஏற்பாடு இதுதான். பாதிப் பையன்கள் வேப்பங்குழையைப் பிடித்துக்கொண்டு மேற்கு ஓரத்தில் வரிசையாக நிற்பார்கள். அவர்கள் மலை. நடுவில் விடும் இடைவெளி செங்கோட்டைக் கணவாய். மீதிப் பையன்கள் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு அந்த இடைவெளி வழியாக மார்ச் செய்து வருவார்கள். அவர்கள் காற்று. முதல் ஆளாகப் பரீது. நெசவுக்காரர் வீட்டுப் பையன், நல்ல காலடி. இன்ஸ்பெக்டரின் நாற்காலிக்கு முன்னால் வந்ததும் நான் 'ஹால்ட்' என்பேன். காற்று நின்று, தலைத்துண்டைப் பிழியும். அதுதான் சாரல்.

ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. மலை காலை நீட்டிக் காற்றை விழத்தாட்டியது. காற்று ஈரத்துண்டால் மலையை அடித்தது. ஒருநாள் வேலிக்குப் பின்னாலிருந்து எவனோ என் குரலிலேயே "ரைட் வீல்" என்று கத்த, காற்று முழுவதும் வலப்பக்கம் திரும்பி நேரே சாணிக் குழிக்குள் இறங்கிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அன்றைக்கே சட்டம் போட்டேன்.

"ஏலே, நல்லா கேட்டுக்கோங்க. ஒரு விசில் ஊதுனா மார்ச். ரெண்டாம் விசில் ஊதுனா ஓட்டம். நிக்கிறதுக்கு மட்டும் விசில் கெடையாது. எம் முகத்தப் பாத்து, எங் குரலக் கேட்டுத்தான் நிக்கணும். வேற எவன் சொன்னாலும் நிக்கக் கூடாது. ஹெட்மாஸ்டரே சொன்னாலும் நிக்கக் கூடாது. குறுக்க சுவரோ நாற்காலியோ வந்தா வீல் அடிச்சுத் திரும்பிப் போய்க்கிட்டே இருக்கணும்."

பட்டாளத்தில்கூட இவ்வளவு நல்ல சட்டம் நான் பார்த்ததில்லை.

வாரம் முழுவதும் கத்திய தொண்டை. இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை வருவதாகத் தகவல். ஞாயிற்றுக்கிழமை நல்ல சாரல் இறங்கியது. சாரல் இறங்கினால் தென்காசிக்காரன் வீட்டில் இருக்க மாட்டான். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவியில் போய் மத்தியானம் வரை நின்றேன். வீட்டுக்கு வந்து உலகம்மாளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவள் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். திப்பிலியைத் தேனில் குழைத்து நாக்கில் தடவினாள். விடியும்போது முனகல்கூட நின்றுவிட்டது.

"இத்தன வருசத்துல இன்னிக்குத்தான் இந்த வீடு வீடா இருக்கு" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் காக்கிச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

மைதானத்தில் ஆவுடைநாயகத்திடம் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவருக்கு உடனே புரிந்தது.

"இவ்வளவுதானா? ஹால்ட்ட நான் சொல்லிக்கிடுதேன் அண்ணாச்சி. நீங்க விசில மட்டும் ஊதுங்க."

நான் சட்டம் போட்ட அன்று அவர் மைதானத்தில் இல்லை, அது அவருக்குத் தெரியாது. வேண்டாம் என்று நான் பலமாகத் தலையை ஆட்டினேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அதற்குள் இன்ஸ்பெக்டரின் குதிரை வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பெரிய உடம்பு, பெரிய தலைப்பாகை. நாற்காலியில் உட்கார்ந்து, "ஆரம்பிக்கலாம்" என்றார். வேறு வழியில்லை. விசிலை ஊதினேன்.

சொல்லக் கூடாது, என் பையன்கள் அன்று வந்த அழகே அழகு. மலை அசையவில்லை. காற்று கணவாய்க்குள் ஒரே காலாக நுழைந்தது. இன்ஸ்பெக்டர் முன்னால் சாய்ந்து பார்த்தார். நாற்காலி நெருங்கியது.

"ஹால்ட்!" என்றார் ஆவுடைநாயகம்.

பரீது அவரைப் பார்க்கவே இல்லை. நாற்காலிக்கு முன்னால் வீல் அடித்துத் திரும்பினான். காற்று இன்ஸ்பெக்டரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தது.

"ஹால்ட்! ஹால்ட்டுலே!" என்று ஹெட்மாஸ்டர் கத்தினார். ஹெட்மாஸ்டரே சொன்னாலும் நிற்கக் கூடாது என்று நான் சொல்லிவைத்தது அவருக்கு எப்படித் தெரியும்? நான் முன்னால் ஓடி முகத்தைக் காட்ட நினைத்தேன். அவர்களைத் தாண்டி ஓட முடியவில்லை. அப்போதுதான் புத்தி கெட்டுப்போய், கையில் இருந்த விசிலை ஊதினேன்.

ரெண்டாம் விசில் ஊதினால் ஓட்டம்.

காற்று வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது. கோயில் வாசலில், இரண்டாகப் பிளந்து நிற்கிற கோபுரத்துக்கு எதிரே பூ விற்றுக்கொண்டிருந்த பேச்சித்தாய் கூடையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். அங்கிருந்து குற்றாலம் சாலை. சனிக்கிழமை தோறும் நான் அவர்களை ரூட் மார்ச் கூட்டிப் போகிற சாலை. கால்களுக்கு வழி தெரியும். பின்னால் நான் ஓடினேன். எனக்குப் பின்னால் குதிரை வண்டியில் இன்ஸ்பெக்டரும் ஹெட்மாஸ்டரும். வண்டிப் படியில் தொற்றிக்கொண்டு ஆவுடைநாயகம்.

"காற்று இப்படித் தென்மேற்கே போகுமா, ஸார்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்பது என் காதில் விழுந்தது.

"இது இப்பம் வடகிழக்குப் பருவக்காத்து ஸார். அது இந்தத் திசைலதான் போவும்."

"இது என்ன மாதம்?"

"காத்துக்கு ஐப்பசி ஸார். நமக்குத்தான் ஆனி."

படித்தவன் படித்தவன்தான். எனக்கு அந்த ஓட்டத்திலும் சிரிப்பு வந்தது.

குற்றாலம் பெரிய அருவிக்கு முன்னால் போனதும் பரீது நின்றான். அவன் நின்றதும் அத்தனை பேரும் நின்றார்கள். தலையில் இருந்த துண்டை எடுத்துப் பிழிந்தார்கள். இன்ஸ்பெக்டர் வண்டியிலிருந்து குதித்து வந்தார்.

"யார் சொல்லியும் நிற்காதவன் இங்கே ஏன் நின்றாய்?"

"மலையில முட்டியாச்சுல்லா ஸார்?" என்றான் பரீது, மூச்சு வாங்கிக்கொண்டே. "காத்து மலையில முட்டுனா அதுக்கு மேல போவாது, மழையக் கொட்டிட்டு அடங்கிரும்னு ஜாக்ரபி ஸார் சொல்லிருக்காவ."

இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீரா ஹெட்மாஸ்டர்? இதல்லவா ஆராய்ச்சி! டிரில் நிறுத்த முடியாததை ஜாக்ரபி நிறுத்திவிட்டது. இந்தப் பையன்கள் கற்றுக்கொண்டது டிரில் இல்லை, ஓர் ஆளின் குரல். அந்தக் குரல் இல்லையென்றால் ஒன்றுமில்லை. டிரில்லையும் இந்த ஆவுடைநாயகமே பார்த்துக்கொள்ளட்டுமே?"

ஹெட்மாஸ்டர் "ஆகட்டும் ஸார்" என்றார். ஆவுடைநாயகம் "ஸார், அண்ணாச்சி வந்து..." என்று இழுத்தார். இழுத்ததோடு சரி.

எனக்குப் பதில் இல்லாமல் இல்லை. தொண்டை வரை பதில் இருந்தது. உலகம்மாளிடம் போய் என்ன சொல்வது? சொல்லவும் குரல் இல்லையே என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. சாரலில் யாருக்கும் தெரிந்திருக்காது.

வந்தது வந்தாயிற்று, குளிக்காமல் போவானேன் என்றார் இன்ஸ்பெக்டர். தலைப்பாகையும் கோட்டும் வண்டிக்குள் போயின. எண்ணெய்க்காரன் ஒருத்தன் கிண்ணத்தோடு வந்து அவர் முதுகில் அரை மணி நேரம் கும்மினான். பிறகு ஒரு துண்டோடு அருவிக்குள் போனார். அவருக்குப் பின்னால் ஹெட்மாஸ்டர். அவருக்குப் பின்னால் காற்று முழுவதும். அருவிக்கு அடியில் யார் அதிகாரி, யார் பையன் என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியாது. நான் மட்டும் எதிர்ப்பாறையில் உடுப்போடு நின்றேன். எனக்குக் குளிக்க மனசில்லை.

அங்கே நின்றதால்தான் பார்த்தேன். மேலே பால் போல விழுந்துகொண்டிருந்த தண்ணீரில் செம்மண் கலந்தது. சருகு வந்தது. ஒரு காய்ந்த கொம்பு வந்தது. மலைக்கு மேலே பெருமழை. அடுத்து என்ன வரும் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் அருவிக்குள் தலையைக் கொடுத்தவனுக்கு எப்படித் தெரியும்? கரையில் இருந்த ஆவுடைநாயகமும் பார்த்துவிட்டார். "வெளிய வாங்கலே! வெளிய வாங்க!" என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். இரைச்சலில் பாறையில் நின்ற எனக்கே அது அரைகுறையாகத்தான் கேட்டது. அன்றைக்கு என் குரல் நல்லபடி இருந்திருந்தாலும் கேட்டிருக்காது.

நான் பாறையின் நுனிக்குப் போனேன். குதிகால்களைச் சேர்த்தேன். நெஞ்சை நிமிர்த்தினேன். இடது கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டினேன். தினமும் காலையில் 'லைனில் வந்து சேர்' என்று கத்திக்கொண்டே நான் நீட்டுகிற கை அது. கத்தல் இல்லாமல் அதை எவனாவது பார்ப்பானா என்று எனக்கே சந்தேகம்.

முதலில் பரீது முகத்துத் தண்ணீரை வழித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். உடனே வெளியே வந்து என் கைக்குக் கீழே நேராக நின்றான். அவன் வந்ததைப் பார்த்து அடுத்தவன் வந்தான். அடுத்து இரண்டு பேர். பிறகு எல்லாரும் ஓடிவந்து, உயரப்படி, தோளோடு தோள் சேர்த்து நின்றார்கள். ஒரு பயல் அருவிக்குள் மிச்சமில்லை.

அடுத்த நிமிஷம் மேலிருந்து தண்ணீர் செக்கச்செவேலென்று இடித்துக்கொண்டு இறங்கியது. எண்ணெய்க் கிண்ணம் போனது. ஹெட்மாஸ்டர் கழற்றி வைத்திருந்த சட்டை போனது. ஆள் ஒருத்தரும் போகவில்லை.

நான் வரிசையை ஒரு முறை பார்த்தேன். கோணல் இல்லை. ஆனால் கடைசியில் இரண்டு பேர் அதிகமாக இருந்தார்கள். ஒருவர் ஹெட்மாஸ்டர். இடது தோள் அன்றைக்குச் சரியவில்லை. அவருக்கு அடுத்து, இடுப்பில் துண்டும் முதுகில் எண்ணெயுமாக, கைகளை விலாவோடு ஒட்டி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இன்ஸ்பெக்டர் நின்றார். அவருக்கும் சின்ன வயசில் எவனோ ஒரு டிரில் மாஸ்டர் இருந்திருக்கிறான். அந்தப் புண்ணியவான் எந்த ஊர்க்காரனோ, நல்லாயிருக்கட்டும்.

சேர்ந்தாகிவிட்டது. இனி 'டிஸ்மிஸ்' சொன்னால்தான் கலைய முடியும். அதற்குக் குரல் வேண்டும். பையன்கள் நின்றார்கள். சாரல் ஊசி ஊசியாகக் குத்தியது. ஹெட்மாஸ்டரின் பற்கள் அடித்துக்கொண்டன. யாரும் அசையவில்லை. கரையில் நின்ற ஆவுடைநாயகம்கூடத் தன்னை அறியாமல் கூனலை நிமிர்த்திக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் திருப்பாமல், உதட்டை மட்டும் அசைத்து இன்ஸ்பெக்டர் பேசினார்.

"டிரில் மாஸ்டர் ஸார்... நான் முன்னே சொன்னதை மறந்துவிடும். உம்முடைய பாடத்துக்கு உம்மைத் தவிர வேறு ஆள் கிடையாது, அப்படியே எழுதிவிடுகிறேன். குளிர் தாங்கவில்லை ஐயா. அசையலாமா?"

என்னை ஸார் என்று கூப்பிட்ட முதல் அதிகாரி அவர்தான். தலையை ஆட்டியிருந்தாலே போதும், எல்லாரும் கலைந்திருப்பார்கள். நான் ஆட்டவில்லை. அவருடைய வலது முட்டி கொஞ்சம் வளைந்திருந்தது. போய்க் குனிந்து அதைச் சரிசெய்துவிட்டு, முன்னால் வந்து, இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.