மைக்கை நீட்டும் இடம்

1

இந்தக் கதை ஒருவனுடைய முகத்தில் தொடங்கியது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு கச்சேரி. மேடையில் பாடிக்கொண்டிருந்தவன், பாட்டின் உச்ச வரி வந்ததும் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான். எல்லோரும் கத்திப் பாடினோம். என்ன பெருந்தன்மை என்று பக்கத்திலிருந்தவர் கண் கலங்கினார். நான் முன்வரிசையில் மாட்டிக்கொண்டிருந்ததால் பாடகனின் முகத்தைப் பார்த்துவிட்டேன். பயந்துபோயிருந்தான். ஏன் என்று யாரையும் விசாரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆகவே இனி வருவதெல்லாம் கற்பனை. அந்த முகம் மட்டும் இரவல்.

2

முதல் தொடக்கம்: ‘ஹடர்ஸ்ஃபீல்டில் மழை பெய்துகொண்டிருந்தபோது கிரெய்க் ஹோல்ராய்ட்...’ அடித்துவிட்டேன். இந்த ஊரில் மழை பெய்யாத நாளைத்தான் எழுதிவைக்க வேண்டும்.

இரண்டாம் தொடக்கம்: ‘புகழ் என்பது...’ இதுவும் வேண்டாம். புகழைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

நேராகவே சொல்லிவிடுகிறேன். கிரெய்க்குக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. இளவயதில் ஒரு பப்பின் மாடியறையில், பள்ளித்தோழி ஜனீனையும் டிரம்ஸ் வாசிக்கும் டெஸ்ஸையும் சேர்த்துக்கொண்டு ‘ஸ்லோ கெட்டில்’ என்று ஒரு ராக் குழுவை ஆரம்பித்தான். பாட்டெழுதுவதும் கிட்டாரோடு பாடுவதும் அவன். ஒரே ஒரு பாட்டு நாட்டையே பிடித்து உலுக்கியது. அதற்குப் பின் வந்த ஆல்பங்களை விமர்சகர்கள் மெச்சினார்கள், கடைக்காரர்கள் மூலையில் வைத்தார்கள். இப்போது கடலோர ஊர்களின் பழைய அரங்குகளுக்கு, அந்த ஒரு பாட்டுக்காகக் கூட்டம் வருகிறது. அந்தப் பாட்டின் ஒரு வரி நான்கு வருடமாக அவன் குரலுக்கு எட்டவில்லை.

(அன்றைக்கு ஒரு காதலியை அசத்துவதற்காக அவ்வளவு உயரத்தில் வைத்துவிட்டான். காதலி போய்விட்டாள். உயரம் அங்கேயே நிற்கிறது.)

3

சுருதியை இறக்கிக்கொண்டால் போகிறது என்பீர்கள். சிக்கலே அங்கேதான். பாட்டை ஆரம்பித்துவைப்பது ஜனீனின் பேஸ் கிட்டார். அதுவும் அதன் அடித் தந்தியில், எங்கும் அழுத்தாமல் மீட்டும் சுரத்தில். அதற்குக் கீழே அந்தக் கருவியில் இடமில்லை. இறக்க வேண்டுமானால் அவள் தந்தியைத் தளர்த்த வேண்டும். தளர்த்தச் சொல்ல அவன் வாயைத் திறக்க வேண்டும்.

முப்பது வருடமாக ஒரே வேனில் போகிறவர்கள் அவர்கள். நெடுஞ்சாலை, சிப்ஸ், அடுத்தவர் குறட்டை என்று எல்லாம் பேசுவார்கள். மனதில் இருப்பதைப் பேசுவது மட்டும் பழக்கமில்லை. யாருடைய அப்பா செத்துப்போனாலும் மற்ற இருவரும் டீ போட்டுக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

4

இந்த நிலையில் வானொலியில் ஒரு நேரடி நிகழ்ச்சி வந்தது. மூடிய அறை, கூட்டம் கிடையாது, மைக்கை நீட்ட ஆளில்லை. இதைக் கேட்டுவிட்டுத்தான் கோடைகால இசைவிழாவில் இவர்களுக்கு இடம் உண்டா என்று விழாக்காரர்கள் முடிவு செய்வதாக இருந்தார்கள். அது கிடைக்காவிட்டால் கடையைக் கட்டிவிடலாம் என்று டெஸ் ஏற்கெனவே சொல்லியாயிற்று. கிரெய்க் காலையிலிருந்து எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டே இருந்தான். கடைசியாக நீட்டிய கோப்பையை ஜனீன் வாங்கவில்லை.

[ஜனீன் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான். முந்தைய வரைவில் அவளை ஒன்றும் தெரியாதவளாக வைத்திருந்தேன். இத்தனை வருடம் பக்கத்தில் நின்று வாசித்தவளுக்குத் தெரியாமலா இருக்கும்? மாற்றிவிட்டேன்.]

“டேய் கிழவா, எத்தன டீடா போடுவ?” என்றாள். “அந்த வரி உனக்கு வரல. எனக்கு எப்பவோ தெரியும். ஒரு வார்த்த சொல்லு, கம்பிய எறக்கிக்கறேன்.”

“எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்.”

“நீ நல்லாத்தான் இருக்க. வரிதான் வரல.”

அவன் சர்க்கரை தேடப் போய்விட்டான். அவர்களில் யாரும் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.

5

சிவப்பு விளக்கு எரிந்தது. ஜனீன் பழைய சுருதியிலேயே ஆரம்பித்தாள். முதல் பகுதி நன்றாகவே போனது. உச்ச வரி நெருங்கியது. நான் எழுத முடியாமல் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.

வரி வந்தது. பழக்க தோஷம், கை தானாகவே ஸ்டாண்டிலிருந்து மைக்கை உருவி எதிரே நீட்டிவிட்டது. எதிரே கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் ஒலிப்பதிவாளர் ஒருத்தி வாழைப்பழத்தைக் கடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாடு முழுக்க, அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில், டிரம்ஸும் பேஸும் மட்டும் கேட்டன.

6

இந்த மாதிரிக் கதைகள் இங்கேதான் நிற்கும். நீட்டிய கையோடு அவனை அப்படியே விட்டுவிட்டு, ‘வாசகரே, வரியை நீங்கள் பாடுங்கள்’ என்று முடித்தால் அழகாக இருக்கும். நேற்றுவரை அப்படித்தான் முடித்திருந்தேன். வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். துணிந்து பாடுகிறான், அற்புதமாக வந்துவிடுகிறது (பொய்). குரல் உடைகிறது, ஒலிப்பதிவாளர் அழுகிறாள் (சினிமா). உங்கள் பக்கம் நீட்டுவதுதான் எனக்குச் சுலபம். ஆனால் அவன் ஏன் நீட்டினான் என்று தெரிந்துகொண்ட பிறகு, நான் நீட்டினால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள்?

ஆகவே பாட்டு தொடர்கிறது. அந்த வரி இன்னொரு முறை வரும். கிரெய்க் மைக்கைத் திரும்ப மாட்டிவிட்டு ஜனீன் பக்கம் திரும்பினான். அவள் வாசித்தபடியே காத்திருந்தாள். அவன் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினான். ஒத்திகையில் அதற்கு, சுருதியை இறக்கு என்று அர்த்தம். விருந்தினராக வந்து பாடுகிறவர்களுக்காக எத்தனையோ முறை காட்டியிருக்கிறான். தனக்காகக் காட்டியது இதுதான் முதல் தடவை.

ஜனீன் அடித் தந்தியை மீட்டினாள். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே முறுக்காணியைத் திருகினாள். சுரம் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. மறைக்க வழியே இல்லை. காரிலும் சமையலறையிலும் கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் விஷயம் தெரிந்துபோயிருக்கும். டெஸ் திடுக்கிட்டு, பிறகு தாளத்தைப் பிடித்துக்கொண்டான். கிரெய்க் பழைய சுருதியிலேயே இருந்த தன் கிட்டாரைத் தொடவே இல்லை. இரண்டு கைகளாலும் மைக் ஸ்டாண்டைப் பற்றிக்கொண்டான்.

இசைவிழாவில் இடம் கிடைத்ததா, குழு நிலைத்ததா என்பதையெல்லாம் உங்களிடமே விடுகிறேன், உங்கள் இஷ்டம்போல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரியை மட்டும் விட மாட்டேன். அதை அவன்தான் பாடினான், இறங்கிய சுருதியில், கொஞ்சம் கரகரத்து, கடைசிச் சொல்வரைக்கும்.