ரிங்கிட் விழுந்த வருஷம்

பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இராஜாங்கத்துக்கும் வேம்புவுக்கும் சண்டை வந்தால், அது மின்சாரக் கட்டணத்தில் தொடங்கினாலும் சரி, சாம்பார் உப்பில் தொடங்கினாலும் சரி, கடைசியில் தொண்ணூற்றெட்டாம் வருஷத்துப் பொங்கலில்தான் போய் முடியும்.

அப்போது இராஜாங்கம் மலேசியாவில், கிள்ளான் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மாதம் நாலாயிரம் ரூபாய் அனுப்புவார். பொங்கலிலிருந்து ஐயாயிரமாக அனுப்புகிறேன் என்று கடிதம் எழுதியிருந்தார். அதை நம்பி வேம்பு குத்தகைக்கு இன்னொரு அரை ஏக்கர் பேசி வைத்தாள். பொங்கலுக்கு வந்தது அதே நாலாயிரம். காரணம் ஒரு வரிகூட இல்லை. அரை ஏக்கர் கைநழுவிப் போயிற்று. கோபத்தில் ஐந்து மாதம் அவள் கடிதமே போடவில்லை.

நடுவில் அவர் விடுமுறைக்கு வந்துபோயும், ஒரேயடியாக ஊர் திரும்பிப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை.

இவர்களுடைய மகள் தமிழ்நிலா கும்பகோணத்தில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறாள். ரூபாய்க்கும் மலேசிய ரிங்கிட்டுக்கும் இடையே முப்பது வருஷம் மதிப்பு எப்படி ஏறி இறங்கியது என்பதுதான் அவளுடைய ஆய்வு. பேராசிரியை குந்தவை முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, “இந்த எண்ணெல்லாம் இணையத்துல யாரும் எடுத்துடலாம். பணம் அனுப்பினவங்ககிட்ட ரசீது இருக்கும், போய்க் கேளு” என்று சொல்லியனுப்பினார்.

தமிழ்நிலா ஊரெல்லாம் அலையவில்லை. அப்பாவிடம் கேட்டாள். அவர் பத்திரம் வைக்கும் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து அவள் மடியில் போட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார். தை முடிந்து உளுந்து முளைவிட்டிருந்த நேரம். ஆடு மாடு இறங்காமல் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு வருஷத்து ரசீதுகள். தேதிவாரியாக அடுக்கி ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றிக்கொண்டு வந்தவள், ஓரிடத்தில் நின்றாள்.

“அம்மா, இங்க வாயேன்.”

முறத்தோடு வந்தாள் வேம்பு.

“தொண்ணூத்தேழு ஜூன்ல அப்பா கட்டினது இருநூத்தி எண்பத்திரெண்டு ரிங்கிட். ஒரு ரிங்கிட்டுக்குப் பதினாலு ரூபா இருபது காசு. நமக்கு வந்தது நாலாயிரத்து நாலு.”

“சரி.”

“தொண்ணூத்தெட்டு ஜனவரில, நீ சொல்ற அந்தப் பொங்கலுக்கு, ஒரு ரிங்கிட் எட்டு ரூபா எண்பது காசுதான். அப்பவும் வந்தது நாலாயிரத்து நாலு.”

“அதத்தான் நானும் சொல்றேன். ஒரு பைசா கூட்டல.”

“அம்மா, அதுக்கு அப்பா கட்டினது நானூத்தி அம்பத்தஞ்சு ரிங்கிட்!”

வேம்பு முறத்தைக் கீழே வைத்தாள். தமிழ்நிலா விளக்கினாள். தொண்ணூற்றேழில் தாய்லாந்துப் பணம் சரிந்தது. பின்னாலேயே மலேசியப் பணமும் சரிந்தது. மறு வருஷம் செப்டம்பரில் டாலருக்கு மூன்று ரிங்கிட் எண்பது சென் என்று அரசாங்கம் கட்டிப்போட்ட பிறகுதான் அது நிலைக்கு வந்தது. அதுவரைக்கும் நாலாயிரத்தைக் குறையாமல் காட்டுவதற்கு அப்பா மாதாமாதம் கூடுதலாகக் கட்டியிருக்கிறார்.

“அப்ப அவருக்குச் சம்பளம் எவ்வளவும்மா?”

“ஐநூத்தி இருபது.” அது வேம்புவுக்கு மறந்ததே இல்லை. சொன்ன பிறகுதான் மனசுக்குள் கழித்துப் பார்த்தாள். அறுபத்தைந்து ரிங்கிட். ஒரு மாதத்துக்கு.

இராஜாங்கம் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவதற்குள் அவள் வாசலுக்கே போய்விட்டாள்.

“அறுபத்தஞ்சு ரிங்கிட்ட வச்சுக்கிட்டு எதத் தின்னீங்க?”

அவருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. மகள் கையிலிருந்த ரசீதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். “வேல முடிஞ்சு ஒரு சாப்பாட்டுக் கடைல வெங்காயம் உரிச்சேன். ரெண்டு வேளை சோறு சும்மா. மீன் குழம்பெல்லாம் பிரமாதமா இருக்கும். மூணு கிலோ ஏறிட்டேன், போ.”

“ஏன் எழுதல?”

“எழுதினா ரிங்கிட் ஏறிடுமா?”

“நான் திட்டியிருக்க மாட்டேன்ல! இருபத்தேழு வருஷம் திட்டியிருக்கேன்!”

“பழகிப்போச்சு. நீ திட்டலன்னா உடம்புக்கு ஏதோன்னு பயமா இருக்கும்.”

வேம்புவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவரைப் பார்க்க முடியாமல் மகள் பக்கம் திரும்பி, “எனக்கு பாஸ்போர்ட் எடுக்கணும். எங்க எழுதிக் குடுக்கறது?” என்று கேட்டாள்.

“இப்ப எதுக்கு?” என்றார் இராஜாங்கம்.

“பன்னெண்டு வருஷம் நீங்க இருந்த ஊரு. நான் பார்க்க வேணாமா?”

“இப்ப ஒரு ரிங்கிட் இருபது ரூபாய்க்கு மேலம்மா” என்று தமிழ்நிலா எச்சரித்தாள்.

“இருக்கட்டும். விழுந்தப்ப அவரு கட்டினாரு. ஏறினப்ப நான் கட்டறேன்.”

உளுந்து விற்ற பணத்தில் மே மாதக் கடைசியில் இருவரும் திருச்சியில் விமானம் ஏறினார்கள். மேட்டூர்த் தண்ணீர் வருவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் இராஜாங்கம் போட்ட ஒரே நிபந்தனை.

கிள்ளானில் அந்தக் கடை இருந்தது. இப்போது அதை நடத்துவது பழைய முதலாளியின் மகள் ஆனந்தவல்லி. அப்பா காலத்தில் வேலை செய்தவர் என்று தெரிந்ததும் அவளே இலை போட்டு, மீன் குழம்பு ஊற்றினாள். வேம்பு ஒரு வாய் சாப்பிட்டாள். கணவரை முறைத்தாள்.

“பிரமாதம்னீங்க?”

“ஏன்?”

“புளி கூட, உப்பு இல்ல. இதையா ஒரு வருஷம் தின்னீங்க?”

ஆனந்தவல்லிக்குக் கோபம் வரவில்லை. “அக்கா, உள்ள வந்து வச்சுக் காட்டுங்களேன்” என்று கூப்பிட்டாள். வேம்பு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். மறுநாளும் போனாள். மூன்றாம் நாள் வாடிக்கையாளர்கள் குழம்பு கேட்டு இரண்டாம் முறை தட்டு நீட்டினார்கள். இராஜாங்கம் வாசலோரம் உட்கார்ந்து, கேட்டவர்களிடமெல்லாம், “என் சம்சாரம் வச்சது” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.