தலைகீழ் யன்னல்

யூலிற்றாவின் உடல் கட்டிலிலே கிடக்க, கிறகோரி கத்தியால் மண்சுவரைக் குத்திக்கொண்டிருந்தார். செபம் சொல்ல வந்த பெண்கள் பாதியிலே நிறுத்திவிட்டார்கள்.

"அப்பு, அம்மாவை இன்னும் எடுக்கேல்லை. அதுக்குள்ளை சுவரை இடிக்கிறியளே," என்றாள் மகள் புனிதமலர்.

"சுவரை ஆர் இடிச்சது? யன்னலைக் கழட்டிறன்."

இரண்டு வருடங்களுக்கு முந்திய சூறாவளியில் கோயிலின் வண்ணக் கண்ணாடி யன்னல்கள் ஐந்தும் பறந்துபோயின. நாலு நொறுங்கிவிட்டன. ஐந்தாவது கரையில் ஒதுங்கியது. முதிரை மரச் சட்டம், கும்பிடுகிற கைகளைப்போல் கூம்பிய உச்சி. யாரோ வெள்ளைக்காரச் சுவாமி கடதாசியில் கீறிக் கொடுக்க, யாழ்ப்பாணத்து ஆசாரி செய்ததாம். கடல் தந்தது கண்டவனுக்கு என்று கிறகோரி அதை வீட்டுக்கு இழுத்து வந்தார். கோயிலுக்குக் கொடுத்தால் மூப்பர் மத்தேயு தன் வீட்டில் வைத்துக்கொள்வான் என்பது அவருடைய முடிவு. யாரும் அடையாளம் சொல்லக்கூடாதென்று கூம்பு கீழே வரத் தலைகீழாகச் சுவரில் வைத்து மண் பூசினார். சுவரிலே தோணியைச் செருகியிருக்கிறான் என்று ஊர் சிரித்தது. மத்தேயு மட்டும் ஒருநாள் வந்து, தலையைச் சரித்துப் பார்த்துவிட்டுப் போனான்.

கண்ணாடியில் ஒரு புறா இருந்தது. நாலு மாதமாகப் படுக்கையில் கிடந்த யூலிற்றாவின் மேல் காலை வெய்யில் சிவப்பும் நீலமுமாக ஊர்ந்து வரும். அவள் உள்ளங்கையை விரித்து அதை வாங்கி வைத்திருப்பாள். விரல் நீலமாகும், பிறகு சிவக்கும். கை நிறைந்துவிட்டதுபோல மெல்ல மூடுவாள்.

முந்தநாள் சொன்னாள்: "இஞ்சருங்கோ, அந்தப் புறா என்னைப்போலை மல்லாக்கக் கிடக்குது. ஒருக்கா நிமித்தி விடுங்கோவன்."

"நிமித்தினால் மத்தேயு கண்டுபிடிச்சிடுவான்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாளைக்குப் பார்ப்போம் என்று அவர் கடலுக்குப் போய்விட்டார். நேற்றுப் பின்னேரம் அவள் போய்விட்டாள்.

சட்டம் சுவரை விட்டு வந்தது. கிறகோரி அதை நிமிர்த்தி, கடலைப் பார்த்த வாசலுக்கு இழுத்துப் போய் வெய்யிலுக்குத் தூக்கினார். சட்டம் கனத்துச் சரிந்தது. பின்னாலிருந்து யாரோ ஒரு பக்கத்தைத் தாங்கினார்கள்.

மத்தேயு.

நிலத்தில் விழுந்த நிறங்கள் கட்டில்காலில் ஏறின.

"இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கோ அண்ணை. முகத்திலை விழேல்லை."

உயர்த்தினார்கள். நீலம் அவள் நெற்றியிலே படிந்தது. புறாவின் நிழல் மூடிய கைகளைக் கடந்து கன்னத்தில் நின்றது.

"கோயில் சுவரிலைதான் பூட்டோணும். உன்ரை வீட்டிலை இல்லை," என்றார் கிறகோரி, திரும்பாமலே.

"என்ரை வீட்டுக்குச் சுவரே இல்லை அண்ணை, ஓலைக் கிடுகுதான். எதிலை பூட்டுறது?"

பின்னேரம் சவப்பெட்டிக்குப் பின்னாலே யன்னலும் கோயிலுக்குப் போனது.

மறுநாள் விடிய, சுவரின் ஓட்டையை அடைக்கப் புனிதமலர் கிடுகு கொண்டுவந்தாள். கொஞ்சம் பொறு என்று அப்பு கையைக் காட்டினார். ஓட்டையால் வந்த வெறும் வெய்யில், ஒரு முனை கூம்பி, கரையேற்றிய தோணியைப்போல வெறுங்கட்டிலில் கிடந்தது. பார்த்திருக்க அது மெல்ல நகரத் தொடங்கியது.