வளைவில் நடந்த நேர்காணல்

சுபஸ்ரீ செத்துப்போன பிறகுதான் தேவதர்ஷினிக்கு அந்த இடம் வந்தது. அதனால் யாரும் அவளுக்கு வாழ்த்துச் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

இருவரும் சேலத்தில் ஒரு கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலை படித்தார்கள். சுபஸ்ரீக்குக் கச்சிராயபாளையம், தேவதர்ஷினிக்குப் பக்கத்திலேயே வடக்கனந்தல். விடுமுறைக்கு ஊர் போகும்போது ஒரே பஸ், ஒரே சீட்டு. பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் இவர்கள் கல்லூரியிலிருந்து ஒரு மாணவியைப் பரிமாற்ற மாணவியாக ஒரு பருவத்துக்கு எடுத்துக்கொள்ளும். கல்லூரி, மாணவியின் பெயரை மட்டும் சொல்லும். விண்ணப்பமும் நேர்காணலும் அந்த மாணவியின் பாடு. துறையில் சுபஸ்ரீயின் பெயரைச் சொல்லியிருந்தார்கள். தேவதர்ஷினி அடுத்தவள்.

ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் சுபஸ்ரீ மண் மாதிரி எடுக்கக் கல்வராயன் மலைக்குப் போனாள். அன்று தேவதர்ஷினி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். கீழே நல்ல வெயில். மேலே எங்கோ கொட்டிய மழை, சுபஸ்ரீ கடந்துகொண்டிருந்த ஓடையில் செந்தண்ணீராக ஒரே மூச்சில் வந்தது. மறுநாள்தான் கீழே நாணல் புதரில் அவள் உடலைக் கண்டெடுத்தார்கள்.

காரியம் முடிந்த கையோடு துறைத்தலைவர் போன் செய்தார். "அடுத்த பேரு உன்னோடதும்மா. அப்ளிகேஷன அனுப்பிடு. வுட்டா இந்த வருசம் சீட்டே போயிடும்."

தேவதர்ஷினி அனுப்பினாள். சாவு வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்ததைப் போலிருந்தது. ஆனாலும் அனுப்பினாள். போக வேண்டும் என்ற ஆசை அவளுக்கும் இருந்தது.

ஆய்வு இருவருக்கும் பொது. மலையில் காட்டை வெட்டி மரவள்ளி போட்ட நிலங்களில் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது என்பதுதான் பொருள். பாதி மாதிரிகள் மீதமிருந்தன. அக்டோபரில் அவளுடைய தாய்மாமன் பழனி பைக்கில் அவளை மலைக்கு அழைத்துப் போனான். போகும் வழியிலேயே போன் சிணுங்கியது. நாளை மறுநாள் என்று சொல்லியிருந்த நேர்காணலை இன்று மதியத்துக்கே மாற்றியிருந்தார்கள்.

"இப்ப கீழ எறங்குனா நேரத்துக்குப் போவ முடியாது பாப்பா," என்றான் பழனி. "மேல போனா டவர் சுத்தமா இல்ல. இந்த வளைவுல மட்டும் கொஞ்சம் கெடைக்கும். லாரிக்காரங்கல்லாம் இங்க நிறுத்திதான் பேசுவாங்க."

கொண்டை ஊசி வளைவு அது. ஓரத்தில் இடுப்பளவு தடுப்புச் சுவர். சுவருக்கு அப்பால் கீழே கோமுகி அணையின் தண்ணீர் தகரம் போலப் பளபளத்தது. சுவரில் நாலைந்து குரங்குகள் உட்கார்ந்திருந்தன. தேவதர்ஷினி தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, சுவர்மேல் ஏறி உட்கார்ந்து, போனைப் பையின்மேல் சாய்த்து வைத்தாள். பழனி பைக்கைத் தள்ளிக்கொண்டு கீழ்வளைவில் போய் நின்றான்.

பேராசிரியர் ஐலா திரையில் வந்தார். நரைத்த குட்டை முடி, சிரித்த முகம். வணக்கம் சொல்லி, சற்று உற்றுப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் கேட்டார்: "அங்கே மழையா?"

"இல்லை, நல்ல வெயில்."

"அப்படியா? உங்கள் தோழி முழுக்க நனைந்திருக்கிறாரே, அதனால் கேட்டேன்."

தேவதர்ஷினி பக்கத்தில் பார்த்தாள். சுவர் காலியாக இருந்தது. குரங்குகள் எப்போது போயின என்று தெரியவில்லை. திரையின் மூலையில் இருந்த தன்னுடைய சின்னப் படத்தைப் பார்த்தாள். அவள் மட்டும்தான் இருந்தாள். ஆனால் நடுவில் உட்காராமல் ஒரு ஓரமாக, இன்னொருத்திக்கு இடம் விட்டவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"பரவாயில்லை, இருக்கட்டும்," என்றார் ஐலா. "பதில் மட்டும் நீங்கள் சொல்லுங்கள்."

கேள்விகள் வந்தன. ஏன் பின்லாந்து, ஏன் மண், குளிர் தாங்குமா. தேவதர்ஷினி பதில் சொன்னாள். வாய் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருந்தது. இடது தோள் மட்டும் ஈரத்துணி உரசினாற்போல் சில்லிட்டுக் கிடந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பிறகு ஐலா கேட்டார்: "நீங்கள் அனுப்பிய முடிவுகளில் ஒரே ஒரு மரவள்ளி நிலம் மட்டும் காட்டு மண்ணைப் போலவே தண்ணீரை உறிஞ்சுகிறது. மற்றவை எல்லாம் இறுகிவிட்டன. ஏன் அப்படி?"

அது சுபஸ்ரீ பார்த்த நிலம். தேவதர்ஷினிக்குக் காரணம் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஐலாவின் பார்வை அவளை விட்டு அவளுடைய இடப்பக்கம் போனது. யாரோ பேசுவதைக் கேட்பவர் போலத் தலையை ஆட்டினார். புருவம் உயர்ந்தது. பேனாவை எடுத்து எழுதவும் தொடங்கினார். தேவதர்ஷினியின் காதில் விழுந்தது காற்று மட்டும்தான்.

"அருமை!" என்றார் ஐலா. "வெட்டிய கடுக்காய் மரங்களின் கட்டையைப் பிடுங்காமல் விட்டிருக்கிறார்கள். வேர்கள் மக்கிப்போன வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. பதில் உங்களிடமிருந்து வரவேண்டும் என்றேன், ஆனாலும் மன்னித்தேன். உங்கள் தோழியின் பெயர் என்ன?"

பொய் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. "சுபஸ்ரீ," என்றாள்.

இணைப்பு அறுந்தது.

பழனி ஓடிவந்தபோது அவள் சாலை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் கறுத்தது. "மலையில நின்னுக்கினு அதெல்லாம் பேசாத. ஏறு வண்டில."

ஆனால் அவள் கீழே போகச் சம்மதிக்கவில்லை. அந்த மரவள்ளி நிலத்துக்குப் போயாக வேண்டும் என்று அடம்பிடித்தாள். அங்கே போய் மண்வெட்டி வாங்கி அவளே தோண்டினாள். முழங்கால் ஆழத்தில் வெட்டுண்ட அடிக்கட்டை இருந்தது. அதைச் சுற்றி மக்கிப்போன வேர்களின் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள், ஒவ்வொன்றும் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தன. கடுக்காய் மரம்தான் என்றார் நிலத்துக்காரர்.

அந்த வாரமே ஐலாவிடமிருந்து செய்தி வந்தது. இணைப்பு பாதியில் போய்விட்டதால் வியாழக்கிழமை இன்னும் கொஞ்சம் பேசலாம், தோழியும் உடனிருந்தால் மகிழ்ச்சி என்று.

தேவதர்ஷினி கச்சிராயபாளையத்துக்குப் பஸ் ஏறினாள். சொல்லாமல் இருப்பது திருட்டுப் போலப் பட்டது.

சுபஸ்ரீயின் அம்மா இருசம்மாள் அப்போதுதான் கரும்பு வெட்டிவிட்டு வந்திருந்தாள். கையெல்லாம் காய்ந்த சோகை இலை கிழித்த கோடுகள். கதவோரம் குந்தி, எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். அழுவாள், திட்டுவாள் என்று தேவதர்ஷினி பயந்திருந்தாள். இருசம்மாள் இரண்டையும் செய்யவில்லை.

"இந்த வூட்டுக்கு அவ வர்ல," என்றாள். "ஒரு வாட்டி கூட வர்ல. கனவுல கூட வர்ல. உங்கிட்ட வந்தாளா?"

"எனக்கும் தெரியலம்மா. அந்த மேடம் கண்ணுக்குத்தான்."

"இன்னா துணி கட்டிக்கினு இருந்தாளாம்?"

"கேக்கலம்மா. நனைஞ்சிருந்தான்னு மட்டும் சொன்னாங்க."

இருசம்மாளின் தாடை இறுகியது. "இத்தினி நாளாவா? தல துவட்ட ஒரு ஆளில்லாம?" எழுந்து உள்ளே போனவள் ஒரு துண்டோடு வந்தாள். "அந்த வெள்ளக்காரம்மாவ எப்ப கூப்புடுவ? நானும் வரேன்."

"அவங்ககிட்ட உண்மைய சொல்லிடணும்மா. சுபா இல்லன்னு சொல்லிடறேன்."

"சொல்லாத பாப்பா." இருசம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது. "சொன்னா அந்தம்மாக்கு பயம் வந்துடும். பயந்தவங்க கண்ணுக்குத் தெரியாது. எனக்குப் பயமா இருக்கறதாலதான் தெரியல போல. ஒரு வாட்டி. ஒரே ஒரு வாட்டி எம்பொண்ணு எப்பிடி இருக்குதுன்னு கேட்டுச் சொல்லு."

வியாழக்கிழமை மூன்று பேரும் ஒரே பைக்கில் மலை ஏறினார்கள். வளைவில் மூடுபனி இறங்கியிருந்தது. அணை தெரியவில்லை, சுவருக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை. பழனி இம்முறை கீழே போகவில்லை. போகவும் பயம், நிற்கவும் பயம். பைக்கில் ஒரு கையை வைத்தபடி நின்றான். இருசம்மாள் சுவரில் தேவதர்ஷினிக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, துண்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

ஐலா வந்ததும் முகம் மலர்ந்தார். "இன்று மூன்று பேரா! இந்த அம்மா யார்?"

"சுபஸ்ரீயின் அம்மா."

"சாயலைப் பார்த்தாலே தெரிகிறது. அதே நெற்றி."

தேவதர்ஷினி அதைத் தமிழில் சொன்னாள். இருசம்மாள் போனை நோக்கிக் குனிந்தாள். "மெலிஞ்சிட்டாளான்னு கேளு."

கேட்டாள். ஐலாவுக்குப் புரியவில்லை. "பக்கத்தில்தானே இருக்கிறார்? ஒல்லியாகத்தான் இருக்கிறார். பச்சைச் சுடிதார். முடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அங்கே என்ன, தினமும் அருவியில் குளிப்பாரா?"

பச்சைச் சுடிதார் என்றதும் இருசம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். மகள் மலைக்குப் போன அன்று காலை தானே மடித்துக் கொடுத்தது என்று பிறகு சொன்னாள்.

"அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டேயிருக்கிறார்," என்றார் ஐலா. குரலில் லேசான சங்கடம். "அம்மா ஏன் அவரைப் பார்க்க மாட்டேன் என்கிறார்? கோபமா? எதையோ கேட்டுக் கை நீட்டுகிறார் பாருங்கள்."

தேவதர்ஷினி மொழிபெயர்த்து முடிப்பதற்குள் இருசம்மாள் துண்டை எடுத்து நீட்டிவிட்டாள். தேவதர்ஷினியின் மடிக்குக் குறுக்கே, வெறும் காற்றில், அவள் கை நீண்டபடி நின்றது. "துவட்டிக்கடி," என்றாள். "சளி புடிச்சிக்கும். போற எடம் குளிராம்."

துண்டின் மறுமுனை காற்றில் ஆடியது; அவ்வளவுதான். பழனி முணுமுணுவென்று சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

திரையில் ஐலா சிரித்தார். "எழுந்துவிட்டார். எங்கே போகிறார் உங்கள்..."

பேச்சு நின்றது. ஐலாவின் கண்கள் திரையை விட்டு விலகின. நாற்காலியோடு மெல்லத் திரும்பித் தன் அறையின் கதவுப் பக்கம் பார்த்தார். அவர் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வெகுநேரம் அவர் திரும்பவேயில்லை.

திரும்பியபோது முகத்தில் இரத்தமில்லை. "தேவதர்ஷினி," என்றார், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள். ஜனவரியில் வாருங்கள்." உடனே இணைப்பைத் துண்டித்தார்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் இருசம்மாள்.

தேவதர்ஷினி பார்த்ததைச் சொன்னாள். இருசம்மாள் துண்டை நாலாக மடித்தாள். வெகுநாள் கழித்து அவள் முகத்தில் ஒரு தெளிவு. "போய்ச் சேந்துட்டா," என்றாள். "அவதான மொதல்ல போவ வேண்டியவ." பிறகு தேவதர்ஷினியைப் பார்த்து, கெஞ்சுகிற குரலில், "நீயும் போவ இல்ல பாப்பா? அவள அங்க தனியா வுட்டுடாத."

வீட்டில் ஒருவருக்கும் விருப்பமில்லை. பழனி நடந்ததைச் சொல்லிவிட்டான். "அந்தச் சீட்டே வாணாம். உசுரோட இருந்தா போதும்," என்றார் அப்பா அரங்கநாதன். அம்மா ஜெயசுதா சாமிக்கு வேண்டிக்கொண்டு கயிறு கட்டிவிட்டாள். தேவதர்ஷினி நிறைய யோசித்தாள். பயம் இல்லாமலில்லை. ஆனால் சுபஸ்ரீ ஒரு கெடுதலும் செய்யவில்லையே. தெரியாத கேள்விக்குப் பதில்தானே சொன்னாள், பரீட்சைக்கு முன்னால் பஸ்ஸில் சொல்லிக்கொடுத்த மாதிரி. விசா வந்ததும் கிளம்பினாள்.

பின்லாந்தில் பகல் என்று ஒன்று வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. எங்கும் பனி. ஐலா அன்பானவர். சுபஸ்ரீயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, தேவதர்ஷினியும் சொன்னதில்லை. ஆனால் ஆய்வகக் கதவைத் திறந்து பிடித்தால், தேவதர்ஷினி உள்ளே நுழைந்த பிறகும் ஐலா சற்று நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நிற்பார். பிறகுதான் விடுவார். மற்ற மாணவர்கள் அதை அவருடைய பழக்கம் என்று நினைத்தார்கள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பழனி வீடியோ கால் செய்தான். கச்சிராயபாளையத்தில் இருசம்மாளின் வீட்டு வாசலிலிருந்து பேசினான். "சுபாவோட அம்மா பேசணுமாம், நச்சரிச்சிக்கினே இருக்குது," என்று போனை அவளிடம் கொடுத்தான்.

தேவதர்ஷினி விடுதி அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் வெள்ளை வெளிச்சம். "நல்லாக்கீறீங்களாம்மா?" என்றாள்.

இருசம்மாள் போனை முகத்துக்கு மிக நெருக்கமாகக் கொண்டுவந்தாள். அவள் கண்கள் தேவதர்ஷினியின் முகத்தில் நிற்காமல் இடப்பக்கமாக நகர்ந்து, அங்கேயே நிலைத்தன. பின், முதல்முறையாக, முகம் முழுக்கச் சிரித்தாள்.

"தல காஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். "சாப்டியாடி?"

தேவதர்ஷினி பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவும் மகளும் பேசி முடிக்கட்டும் என்று போனை அசையாமல் பிடித்துக்கொண்டு, கட்டிலில் சற்றே நகர்ந்து உட்கார்ந்தாள்.