யூ மன்னனின் வெள்ளம்

கௌதமியின் ஆறு வருட முனைவர் பட்ட ஆய்வுக்கு அன்று காலை வாய்மொழித் தேர்வு. மழையால் ரயில் நின்றுபோனதால், தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான கோரமண்டல் லைனில், வீட்டிலேயே இணையவழித் தேர்வுக்காக மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

பெருவெள்ளத்தை அடக்கிச் சீனாவின் முதல் வம்சத்தை நிறுவியதாகச் சொல்லப்படும் யூ மன்னன் உண்மையில் மனிதன்தானா என்று கேட்டார் தேர்வாளர். முதலில் அவன் நீர்த் தெய்வமாக இருந்திருக்கலாம், பின்னால் வந்தவர்கள்தான் அவனை மன்னனாக்கினார்கள் என்ற கருத்தை அவள் விளக்கத் தொடங்கினாள்.

பக்கத்து வீட்டு லூயிசா கதவை இடித்தாள். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு கலந்த கழிவுமண், லைனுக்குப் பின்னால் மலைபோலக் குவிந்திருந்தது. "கௌதமி! சயனைடு மேடு கரைஞ்சி தெருவுல வருது. அப்பாவத் தூக்கு!"

சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டுப் படுக்கையில் கிடந்த அப்பா கையசைத்தார். "நீ பரீட்சய முடிம்மா. நான் இருக்கறேன்."

"இன்னாப்பா பேசுற?"

இருவரும் அவரைக் கட்டிலோடு மேட்டிலிருந்த சர்ச்சுக்குத் தூக்கிப் போனார்கள். அவள் திரும்பியபோது மேசைக்கால் சாம்பல் நிறச் சேற்றில் புதைந்திருந்தது. மின்சாரமும் இல்லை.

ரயில் நிலைய நடைமேடையில் ஏறி நின்ற பிறகுதான் செல்பேசியில் சிக்னல் கிடைத்தது. தேர்வுக் குழு முக்கால் மணி நேரம் காத்திருந்து கலைந்துவிட்டதாக அவளுடைய ஆய்வு நெறியாளர் சொன்னார்.

"வெள்ளத்த அடக்குற வேலையில யூ தன் வீட்டை மூணு தடவ கடந்தும், குழந்தை அழுகுரல் கேட்டும் உள்ள போகலன்னு புகழ்றாங்க. என்னால அப்படி இருக்க முடியல சார்," என்று அழுதாள்.

"இன்னொரு தேதி கேட்டுப் பார்க்கிறேன். கிடைக்கும்னு சொல்ல முடியாது," என்றார்.

அவள் நனைந்தபடியே சர்ச்சுக்கு நடந்தாள்.