பியூலாவிடம் சொல்

மத்தியானம் இரண்டு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் யாரும் பதறுவார்கள். பியூலா பதறவில்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் அப்படி ஒரு போன் வந்து, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்கள். இனி போலீஸ் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறது?

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து சப்-இன்ஸ்பெக்டர் லிங்கேஸ்வரன் பேசுறேன் மேடம். நீங்க பாபிலோன் எழுத்து படிப்பீங்களாமே?"

பியூலா கையிலிருந்த மடக்குப் பூதக்கண்ணாடியை மேஜைமேல் வைத்தாள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அவளுக்குத் தரச் சோதனை வேலை. அந்தக் கண்ணாடியைத் துணிமேல் நிறுத்தி, அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ண வேண்டும். காலையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"யாரு சொன்னா?"

"மதுரையில ஒரு புரொபசருக்குப் போட்டோ அனுப்பினேன். சிரிக்காரு. இதைப் படிக்க விரல்விட்டு எண்ணுற ஆளுதான் இருக்கு, அதுல ஒண்ணு உங்க பக்கத்து ஊருலயே துணிக்கு நூல் எண்ணிக்கிட்டு இருக்குங்காரு. செத்த நேரம் வந்துட்டுப் போனீங்கன்னா ஒரு ஆளோட விவகாரம் முடியும். நாலு மணிக்குள்ள வேணும். இல்லேன்னா அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகணும்."

அவள் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

வழியில் ரோடு பிரியும் அந்த விலக்கு வந்தது. அவள் கணவன் ஆல்வின் வண்டியோடு விழுந்த இடம். புதிதாக வேகத்தடை போட்டிருந்தார்கள். பஸ் ஏறி இறங்கியது. அவளும் ஏறி இறங்கினாள்.

பாபிலோன் அவளுக்குப் பழக்கமானது ஞாயிறு பள்ளியில். அங்கே பாபிலோன்காரர்கள் எப்போதும் கெட்டவர்கள். ஆட்களைச் சிறைபிடிப்பார்கள், நெருப்பில் போடுவார்கள், சிங்கக் குகையில் தள்ளுவார்கள். பத்து வயதில் பியூலா கேட்டாள்: "அவுங்க வீட்டுல என்ன டீச்சர் பேசிக்குவாங்க?" டீச்சர் முறைத்தார். பதில் கிடைக்க இருபது வருடம் ஆனது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று சனிக்கிழமைதோறும் ஆன்லைனில், பாபிலோன்காரர்கள் பேசிய அக்காடிய மொழிக்கு வகுப்பு நடத்தியது. சேர்ந்தாள். வீட்டில் அவர்கள் என்ன பேசினார்கள் என்றும் தெரிந்துகொண்டாள். எண்ணெய் அனுப்பினாயா, ஏன் அனுப்பவில்லை, கழுதைக்குக் கால் வலி, உன் அம்மா கோபமாக இருக்கிறாள். நாலாயிரம் வருடமாக இதே பேச்சுதான்.

துணைக்குப் படிக்கிறேன் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் ஆல்வின். ஸ்பின்னிங் மில் ஃபிட்டர். மொழியைவிடக் களிமண்ணில்தான் அவனுக்கு ஆசை. மூங்கில் குச்சியைச் சீவிச் சதுரமாக்கி, ஈரமண்ணில் பாபிலோன்காரர்கள்போல டக் டக்கென்று ஆப்பு ஆப்பாக எழுத்துக் குத்துவான். அவன் போன பிறகு பியூலா வகுப்பில் உட்காரவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை மின்னஞ்சல் வரும். திறக்க மாட்டாள்.

ஸ்டேஷனில் சுவரோரம் தரையில் ஒருவன் குத்தவைத்திருந்தான். நாற்பது வயதிருக்கும். முழங்கைவரை செங்கல் தூசி. பெயர் தனுஷ்கோடி என்றார் லிங்கேஸ்வரன். மகாராஜபுரம் பக்கம் செங்கல் சூளையில் வேலை.

"காலையில பால்கோவாக் கடை வரிசையில நிக்கான். பை நழுவி விழுந்திருக்கு. உள்ள இருந்து இது. எவனோ ஒருத்தன் போட்டோ எடுத்து, செண்பகத்தோப்புக் காட்டுல புதையல்னு வாட்ஸ்அப்ல போட்டுட்டான். ஒரு மணி நேரத்துல ஆயிரம் பேரு பாத்தாச்சு. எங்கேருந்துலே வந்துச்சுன்னு கேட்டா, கீழ கெடந்துச்சுங்கான். எங்கன கெடந்துச்சுன்னு கேட்டா, மறந்துட்டேங்கான். ஏலே, இப்பவாவது சொல்லுதியா?"

"கீழதான் கெடந்துச்சு சார்," என்றான் தனுஷ்கோடி.

"பாத்தீங்களா? பழம்பொருள்னு நீங்க சொல்லிட்டா கேஸு. இல்லேன்னு சொன்னா அவன் வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான்."

ஏட்டு பாண்டிசெல்வி, சணல் கட்டிய ஒரு பொட்டலத்தை மேஜையில் வைத்துப் பிரித்தார். கையகலத்தில் ஒரு களிமண் பலகை. சின்னத் தலையணைபோல நடுவில் உப்பல். நன்றாக வெந்த சிவப்பு. முன்பக்கத்தின் மேல்பாதியை மறைத்து ஸ்டேஷன் சீட்டு ஒட்டியிருந்தது.

பியூலா மடக்குக் கண்ணாடியை எடுத்து விரித்தாள். துணியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். சீட்டுக்குக் கீழே இரண்டு வரி வெளியே தெரிந்தது.

"என்ன போட்டிருக்கு?"

"ஒரு வேலையை நீ எனக்கு மூன்று முறை சொன்னாய்."

"என்ன வேலையாம்?"

"பின்பக்கம் இருக்கும்," என்று பலகையைப் புரட்டினாள்.

புரட்டிய கை அப்படியே நின்றது.

பாபிலோன் எழுத்தன், முன்பக்கத்தின் அடிவரி முடிந்ததும் விளிம்பைத் தாண்டி அப்படியே பின்பக்கம் போவான். அதனால் அந்தப் பலகைகளை மாதக் காலண்டர் தாளை மேலே தூக்குவதுபோல அடியைப் பிடித்துப் புரட்ட வேண்டும். உலகத்தில் எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் அதுதான் முறை. பியூலாவும் அப்படித்தான் புரட்டினாள். இந்தப் பலகையின் பின்பக்கம் தலைகீழாக இருந்தது.

பள்ளிக்கூட நோட்டைத் திருப்புவதுபோலப் பக்கவாட்டில் திருப்பினாள். இப்போது நேராக இருந்தது.

களிமண்ணை நோட்டுப்போலத் திருப்பி எழுதும் ஒரே ஒரு ஆளை அவளுக்குத் தெரியும். மூன்று வருடம் அதற்காகத் திட்டியிருக்கிறாள்.

நெஞ்சுக்குள் ஏதாவது நடக்கும் என்று கொஞ்சம் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மேலே மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள்.

"இது பழசு இல்ல சார். போன வருஷத்து மண்ணு. இந்தச் சீட்டைக் கொஞ்சம் உரிக்கணும்."

"ஒட்டினதை உரிக்கக் கூடாது மேடம்."

"தண்ணி தொட்டு உரிச்சா பொறவு ஒட்டிக்கலாம் சார்," என்றார் பாண்டிசெல்வி. பதிலுக்குக் காத்திராமல் விரலை நனைத்துச் சீட்டைத் தேய்த்து எடுத்தார்.

மேல் வரிகள் வெளியே வந்தன. முதல் இரண்டு வரியைப் பியூலா விரல் வைத்து அசை அசையாகப் படித்தாள். "அ-ன பி-உ-ல கி-பி-ம. உம்-ம அல்-வி-இன்-ம."

"அப்படின்னா?"

"பியூலாவிடம் சொல்: ஆல்வின் சொல்வதாவது." கண்ணாடியை மடக்கினாள். "பியூலா நான்தான். ஆல்வின் என் வீட்டுக்காரர்."

லிங்கேஸ்வரன் நாற்காலியில் நிமிர்ந்தார். "உங்களுக்கு எழுதினதுன்னா, உங்ககிட்டயே சொல்ல வேண்டியதுதானே. அது யாரை, பியூலாவிடம் சொல்லுங்காரு?"

"அந்தக் காலத்துல முக்காவாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது சார். கடிதத்தை வேற ஒரு ஆளு வாசிச்சுக் காட்டணும். அதனால கடிதமே அந்த ஆளைப் பாத்துத்தான் பேசும். இன்னாரிடம் சொல்லுன்னு ஆரம்பிக்கும். எல்லாக் கடிதமும் அப்படித்தான்."

"சரி, அவரை வரச் சொல்லுங்க. கேட்டுட்டு முடிச்சிரலாம்."

"அவர் இல்ல. ஏழு மாசம் ஆச்சு. ஆக்சிடென்ட்."

பாண்டிசெல்வி பேனாவைக் கீழே வைத்தார். லிங்கேஸ்வரன் மீசையைத் தடவினார். நல்ல மனிதர்தான், ஆனால் மணி மூன்று தாண்டிவிட்டது.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க பேரு இருக்குன்னு நீங்களே படிக்கிறீங்க, நீங்களே சொல்றீங்க. எங்களுக்குக் கோழி கிண்டின மாதிரிதான் தெரியுது. நாளைக்கு ஒருத்தன், புதையலை அந்தம்மாவும் போலீசும் பங்கு போட்டுட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல போடுவான். இந்தப் பயலும் ஒரு வார்த்தை ஒத்துச் சொன்னான்னா விட்டுரலாம். ஏலே, ஆல்வின்னு யாரையும் தெரியுமா?"

தனுஷ்கோடி கண்ணைத் தூக்கிப் பியூலாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"கீழ கெடந்துச்சு சார்."

தெரியும் என்பது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. சொல்லத்தான் மாட்டேன் என்கிறான். இன்னும் முக்கால் மணி நேரத்தில் அவனைக் கோர்ட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். அவள் வாய் மட்டும் போதாது.

பியூலா எழுந்துபோய் அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அது எனக்குத்தான். வந்து சேர்ந்திருச்சு. இனிமே சொல்லலாம்."

"நீங்கதான் அந்த அம்மான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

லிங்கேஸ்வரன், "அடப்பாவி," என்றார். "ஆதார் கார்டு கேப்பான் போல."

தனுஷ்கோடி அசரவில்லை. "எம் பொண்ணு தலையில கை வெச்சு சத்தியம் பண்ணியிருக்கேன் சார். நீங்க உள்ள போடுங்க. ஆறு மாசத்துல வந்துருவேன். சத்தியத்தை மீறிப் பிள்ளைக்கு ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்லுவா?"

"உங்க பொண்ணு பேரு என்ன?"

"வெங்கடேஸ்வரி. ஏழாங்கிளாஸ்." கொஞ்சம் யோசித்தான். "மேஜை மறைச்சிருச்சு, நான் பாக்கல. அந்தக் கல்லை எடுத்துப் பொரட்டிக் காட்டுங்க."

"புரட்டவா?"

"ஆமா. பின்னாடி பாக்கணும்னா எப்படிப் பொரட்டுவீங்களோ அப்படி."

பாண்டிசெல்வி பலகையைக் கொண்டுவந்து கொடுத்தார். பியூலா முன்பக்கம் தெரியப் பிடித்தாள். அடி விளிம்பில் விரல் கொடுத்து, காலண்டர் தாள்போல மேலே தூக்கிப் புரட்டினாள். தலைகீழ் எழுத்து வந்து நின்றது.

தனுஷ்கோடி இரண்டு கையையும் முழங்காலிலிருந்து எடுத்தான்.

"அதேதான். எல்லாரும் பொஸ்தகம் மாதிரி திருப்புவான், எம் பொண்டாட்டி ஒருத்திதான் அடியைப் பிடிச்சுப் பொரட்டுவான்னு ஆல்வின் சார் சொன்னாவ. காலையில இருந்து இங்க அஞ்சு பேரு பாத்தாவ. அஞ்சு பேரும் பொஸ்தகம் மாதிரிதான் திருப்புனாவ."

பிறகு அவன் நிறுத்தவில்லை. காலையிலிருந்து அடக்கிவைத்தது எல்லாம் வந்தது.

"சூளையில மண்ணு பிசையிற மிஷினு நின்னா ஆல்வின் சார்தான் வருவாவ. ஏழு மாசத்துக்கு முந்தி ஒரு செவ்வாக்கிழமை இதைப் பச்சை மண்ணா கொண்டாந்து, செங்கலோட வெச்சுச் சுட்டுக் குடு, நானே வந்து வாங்கிக்கிறேன், கல்யாண நாளுக்கு வெச்சிருக்கேன், அதுவரைக்கும் யார்ட்டயும் மூச்சு விடாதேன்னாவ. அப்பத்தான் சத்தியம். சூளைக்குத் தீ வெச்சோம். பொறவு மழை பிடிச்சிருச்சு. பிரிக்க எம்புட்டோ நாளாச்சு. அவிய வருவாவ வருவாவன்னு பாத்தேன். போன வாரம் மில்லு கேட்டுல போயி நின்னேன். தவறிப்போயிட்டாவன்னு சொன்னாவ."

"இங்க எதுக்கு வந்தீங்க?"

"நீங்க வேதக்காரவுகன்னு தெரியும். சர்ச்சுல கேட்டா வீட்டைச் சொல்லுவாவன்னு வந்தேன். நாலு மணிக்கு மேல வாங்கன்னாவ. அதுவரைக்கும் பிள்ளைக்குப் பால்கோவா வாங்குவோம்னு நின்னேன்." கையை விரித்தான். "வாங்கவும் இல்ல."

ஆல்வின் செவ்வாய்க்கிழமை கொடுத்திருக்கிறான். அந்த வாரமே வியாழக்கிழமை, விபத்து என்று போன் வந்தது.

"எதுக்குச் சுடணும்னு சொன்னாரா?" என்று கேட்டாள்.

"சுட்டாத்தான் நிக்குமாம். நீங்கதான் சொன்னீங்களாம்."

சொல்லியிருக்கிறாள். பெரும்பாலான கடிதங்கள் பச்சை மண், தண்ணீர் பட்டால் போய்விடும், அரண்மனை தீப்பிடித்து எரிந்தால் அங்கே இருந்தவை மட்டும் கெட்டியாகிவிடும் என்று. காப்பி ஆற்றிக்கொண்டே சொன்னது.

"இன்னொண்ணும் சொன்னாவ," என்றான் தனுஷ்கோடி. "பின்பக்கத்தை வேணும்னே தப்பாத்தான் எழுதியிருக்கேன், பாத்ததும் திட்டுவா, அந்தத் திட்டைக் கேக்கணும்னு சொல்லிச் சிரிச்சாவ."

லிங்கேஸ்வரன் எழுந்து தொப்பியை மாட்டினார். "ஏட்டம்மா, மேடம்ட்ட ஸ்டேட்மெண்ட் வாங்கிட்டு அனுப்பிருங்க. கேஸு இல்ல. கல்லையும் கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்துருங்க. ஏலே, நீயும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பு. கடை வரிசையில போயி நில்லு." அவர் கோர்ட்டுக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொன்னார்.

பியூலா சொல்லச் சொல்லப் பாண்டிசெல்வி எழுதினார். பெயர், வயது, தொழில், கணவர் பெயர், காலமான தேதி. பிறகு பலகையில் உள்ளது முழுவதும் வேண்டும் என்றார். பியூலா கண்ணாடியை வைத்து வரி வரியாகத் தமிழில் சொன்னாள். இழை எண்ணும் அதே குரல். நடுவில் ஒரு சொல் அவளை நிறுத்தியது. தாழ்ப்பாள். அவர்கள் படித்த எந்தப் பாடத்திலும் அந்தச் சொல் வரவில்லை. இருபது கிலோ கனமுள்ள அகராதித் தொகுதிகளில் எங்கேயோ தேடியிருக்கிறான், ஒரு ஃபிட்டர்.

குளியலறைக் கதவு இன்றைக்கும் நிற்பதில்லை. ஏழு மாதமாக ஒரு வாளித் தண்ணீரை அண்டக் கொடுத்துத்தான் குளிக்கிறாள்.

"முடிஞ்சுதா மேடம்? படிச்சுக் காட்டுறேன், சரியா இருந்தா கையெழுத்துப் போடுங்க. படிச்சுக் காட்டணும்னு முறை."

பாண்டிசெல்வி தாளைத் தூக்கிப் பிடித்தார். ஆடு திருட்டுக்கும் அடிதடிக்கும் படித்துப் பழகிய குரல். ஏற்ற இறக்கம் கிடையாது, எங்கேயும் நிற்காது.

"மேற்படி பலகையில் எழுதியிருப்பதாவது. பியூலாவிடம் சொல்: ஆல்வின் சொல்வதாவது. கர்த்தர் உன்னை என்றும் நலமாக வைத்திருக்கட்டும். ஒரு வேலையை நீ எனக்கு மூன்று முறை சொன்னாய். குளியலறைத் தாழ்ப்பாளை நான் இன்னும் சரிசெய்யவில்லை. மறக்கவில்லை. சனிக்கிழமை கட்டாயம் செய்வேன். கோபம் கொள்ளாதே. என் பலகையைக் கண்டதும் எனக்கு ஒரு வார்த்தை பதில் அனுப்பு."

படித்து முடித்து நிமிர்ந்தார். "சரியா இருக்கா மேடம்? ஏதாவது சேர்க்கணுமா?"

பியூலா பேனாவை வாங்கினாள். உடனே கையெழுத்துப் போடவில்லை. பலகையைப் பார்த்தாள். அடியைப் பிடித்து ஒருதரம் புரட்டினாள். மறுபடி முன்பக்கம் கொண்டுவந்தாள்.

"எத்தனை தடவை சொல்லியாச்சு," என்றாள். "பின்பக்கத்தை நோட்டு மாதிரி திருப்பி எழுதக் கூடாதுன்னு."

பாண்டிசெல்விக்கு அது யாரிடம் சொன்னது என்று புரியவில்லை. "இதையும் சேர்க்கணுமா?"

"சேர்த்துக்கோங்க."

பாண்டிசெல்வி தாளைத் திரும்ப வாங்கி, கடைசி வரிக்குக் கீழே எழுத ஆரம்பித்தார்.